நாடகக்காரி வீடு

"நாடகத்துல நடிச்ச காந்திமதி வீடு இதுதானே?"

கேட்டுக்கு வெளியே நின்ற ஆள் பம்மல் ஊருக்கே கேட்கிற மாதிரி கேட்டார். கையில் ஃபைல். அதன்மேல் ஒரு கறுப்பு வெள்ளைப் புகைப்படம். வாசலுக்கு வந்த காந்திமதி அதைப் பார்த்துவிட்டாள்.

கிரீடமும் ஒட்டியாணமுமாகப் படத்தில் இருந்தது அவளேதான், முப்பது வருஷத்துக்கு முன்னால். டிரங்குப் பெட்டியில் பழம்புடவைக்கு அடியில் கிடக்கிற படம் இந்த ஆள் கைக்கு எப்படிப் போனது?

"மெதுவா பேசுங்க சார்!"

அவள் பார்வை தெருக்கோடி அடிபம்புக்கு ஓடியது. அங்கே மருமகள் சாமுண்டீஸ்வரி கடைசிக் குடத்துக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தாள்.

ஒரு காலத்தில், 'நாடகக்காரி வந்திருக்கா' என்றால் ஊரே பாயைச் சுருட்டிக்கொண்டு கொட்டகைக்கு ஓடும். அதே சொல்லைச் சொல்லித்தான் பொழிச்சலூர்ப் பெண் வீட்டார் அவள் மகன் குப்புராஜின் நிச்சயதார்த்தத் தட்டைத் திருப்பி அனுப்பினார்கள். அந்தப் பயத்தில், சாமுண்டீஸ்வரி வீட்டில் 'அம்மாவுக்குத் தையல் வேலை' என்று சொல்லி முடித்த கல்யாணம் இது. அவள் காதுக்குப் போனால் இந்த வயசில் எந்தத் தெருவில் போய் நிற்பது?

"நாடகக் கலைஞர் காந்திமதி அம்மாவைப் பார்க்கணும். கவர்மெண்ட்ல இருந்து..."

கலைஞராம்! எந்தப் பேர் வைத்துக் கூப்பிட்டால் என்ன, தெரு அவளைக் கூப்பிடப்போவது பழைய பேரில்தானே?

"அந்தம்மா செத்துப்போச்சு சார்."

"அடடா! எப்போ?"

"போன ஆடியில."

"நீங்க யாரு?"

"இங்க வாடகைக்கு கீறேன். வேற ஒண்ணும் தெரியாது, கெளம்புங்க சார்."

அவர் உச்சுக்கொட்டினார். ஃபைலில் 'காலமாகிவிட்டார்' என்று எழுதினார், அடியில் ஒரு கோடும் போட்டார். மொபெட்டை மிதித்துக் கிளப்பிக்கொண்டு எதிர்ப்பக்கமாகப் போய் மறைந்தார்.

குடத்தை இடுப்பில் இடுக்கியபடி சாமுண்டீஸ்வரி வந்து சேர்ந்தாள்.

"யாரு அத்தே அது?"

"அட்ரஸ் மாறி வந்துட்டாரு. அனுப்பிட்டேன்."

"கையில ஃபைல் வெச்சிருந்தாரா? கவர்மெண்ட் ஆளா?"

மருமகளுக்குத் தெரிந்துவிட்டது. எல்லாம் தெரிந்துவிட்டது.

"வேணும்னு மறைக்கல சாமுண்டி... என்னை வெளிய மட்டும் அனுப்பிடாதே."

சாமுண்டீஸ்வரி குடத்தைத் தொப்பென்று கீழே வைத்தாள்.

"நாடகக் கலைஞர் பென்ஷனுக்கு உங்க பேர்ல மனு போட்டதே நான்தான் அத்தே!"