இறுதிச் சுற்றில் அப்பாவு

"பேர மாத்துன்னா மாத்து. செத்தவன் பேரு அப்பாவுன்னு—"

"மாத்த முடியாதுன்னு எத்தினி தபா சொல்றது நைனா, அது ஃபைனலுக்கு—"

"ஃபைனலாவது இன்னாவாவது. செத்த எடத்துல என் பேரு வரக்கூடாது, அவ்ளோதான்."

தகப்பனும் மகளும் ஒருவரை ஒருவர் பேசி முடிக்க விடவில்லை. வியாசர்பாடி அடுக்குக் குடியிருப்பின் மூன்றாவது மாடியில் ஒற்றை அறைதான் வீடு. கட்டிலில் சாய்ந்திருந்த தாயம்மா, புருஷனையும் மகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சண்டை ஒரு பாட்டைப் பற்றி. செயற்கை நுண்ணறிவை வைத்துப் போட்ட பாட்டுகளுக்கென்றே வெளிநாட்டில் ஒரு போட்டி. அதற்கு மகள் மகிழினி ஒரு மரண கானா அனுப்பியிருந்தாள். சாவு வீட்டில் செத்தவர் பேரையும் தொழிலையும் சொல்லி, யார் யார் அழுகிறார்கள் என்று பேர் பேராகப் பாடுவார்களே, அது.

முதலில் அந்த மெஷின் வானம், நட்சத்திரம், மெழுகுவத்தி என்று என்னத்தையோ எழுதிக் கொடுத்தது. ஹார்பரில் கிரேன் ஓட்டி ரிட்டையரான தகப்பனையே செத்தவராக வைத்து, வீட்டு விவரமெல்லாம் கொடுத்த பிறகுதான் பாட்டு பாட்டாக வந்தது. எந்தெந்த நாட்டுப் பாட்டையோ தாண்டி இறுதிச் சுற்றுக்கும் வந்துவிட்டது. சனிக்கிழமை முடிவு. ஜெயித்தால் மகிழினி விமானம் ஏறுவாள்.

கிரேன நிறுத்திட்டு கெளம்பிட்டாரு அப்பாவு,
தலமாட்ல குந்திகினு தாயம்மா அழுவுது பாரு.

நேற்று வரைக்கும் அவருக்கும் அதில் பெருமைதான். டீக்கடையில் போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, என் சாவுக்கு நானே வந்துகீறேன், கேளுங்கடா என்று எல்லாரையும் சிரிக்க வைத்தவர். இன்று மத்தியானம் தாயம்மாவைக் கூட்டிக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வந்தார். வந்ததும் வராததுமாக மகள் பாட்டைப் போட, இரண்டாவது வரியிலேயே போனைப் பிடுங்கி நிறுத்தினார்.

மகிழினிக்குச் சந்தேகம் கீழ் வீட்டுச் செல்லக்கனி மேல். உசுரோடு இருக்கிற மனுசனுக்குச் சாவுப் பாட்டு போட்டால் ஆள் தங்குமா என்று முதல் நாளே கேட்டவள் அவள். இன்றைக்கும் படிக்கட்டில் மறித்து ஏதாவது ஓதியிருப்பாள்.

"செல்லக்கனி அக்கா பேச்சக் கேட்டுகினு ஆடுறியா நைனா? உனுக்கு ஒண்ணும் ஆவாது. பாட்டுன்னா பொய்யிதான்."

"அதத்தான் நானும் சொல்றேன். பொய்யி. ஒலகம் பூரா ஒரு பொய்யக் கேட்டுகினு கீது."

தாயம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. "நீ மாத்தாதம்மே. பாட்டுல நான் எம்மாம் அழகா அழுவறேன். இந்த மன்சனுக்கு அது பொறுக்கல."

அவள் இன்று நல்ல குஷியில் இருந்தாள். ஆறு மாதமாகப் படுத்திய வயிற்று வலி. இனிமேல் இங்கே அலைய வேண்டாம், வீட்டிலேயே மாத்திரையைப் போட்டுக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். போதாக்குறைக்கு, கேட்டாலே பூ வாங்கித் தராத புருஷன் இன்று கேட்காமலே இரண்டு முழம் கதம்பம் வாங்கித் தந்திருக்கிறார். தலை கொள்ளாத பூவோடு அதையும் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். கொஞ்ச நேரத்தில் மாத்திரை அசத்தியதில் அப்படியே கண்ணை மூடிவிட்டாள்.

அப்பாவு வெளியே போய் நடைவழிக் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். மகிழினிக்கு மனசு கேட்கவில்லை. போட்டி நடத்துகிறவர்களுக்கு, பாட்டில் ஒரு பேரை மட்டும் மாற்ற முடியுமா என்று போனிலேயே எழுதிக் கேட்டாள். அனுப்பிய கையோடு பதில் வந்தது. அதை எடுத்துக்கொண்டு அவரிடம் போனாள்.

இறுதிச் சுற்றுக்கு வந்த பாட்டில் ஒரு சொல்லைக்கூட மாற்ற இயலாது, தங்கள் மன வருத்தத்தை நன்கு புரிந்துகொள்கிறோம் என்று இருந்தது.

"யாரு இத்த எழுதுனது?"

"அதுவும் மெஷின்தான் நைனா."

"அதுக்கு மேல ஆளு யாரும் இல்லியா?"

தேடிப் பார்த்தேன், ஒருத்தரும் அகப்படவில்லை என்றாள். அவர் தலையை ஆட்டிக்கொண்டார். மத்தியானமும் இதே மாதிரி யாரையோ கேட்டு, இதே மாதிரி பதில் வாங்கி வந்தவரைப் போல இருந்தது அந்தத் தலையாட்டல். கோபமெல்லாம் எங்கேயோ போய்விட்டிருந்தது.

அதைப் பார்த்ததும் மகிழினியும் இறங்கி வந்தாள்.

"சரி, போட்டிப் பாட்டு போனா போவுது. நம்ம வூட்டுக்குன்னு வேற ஒண்ணு போட்டுத் தரேன். இதே மெட்டு, இதே கொரலு, ஒரு நிமிசத்து வேல. உன் பேரு வேணாம். யாரு பேரப் போடணும், அதயாவது சொல்லு."

அப்பாவு உள்ளே பார்த்தார். தலையணையில் பூ நசுங்க, வாய் லேசாகத் திறந்திருக்க, தாயம்மா அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். சத்தம் வராமல் கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டுத் திரும்பினார்.

"உங்கம்மா பேரப் போடு. அழுவறது நான்னு போடு."