பேரை மட்டும் மாற்றிய நடுவர்

தாம்பரத்தில் நர்ஸாக இருந்த மெஹருன்னிசாவுக்கு ஏழாவது வீடும் கிடைக்கவில்லை. பெயரைக் கேட்டதுமே, "நேத்தே ஆள் வந்துட்டாங்கம்மா," என்றார் வீட்டுக்காரர் தணிகைவேல். அவள் அங்கிருந்தே, வாடகைத் தகராறுகளைத் தானே விசாரித்துப் பேசித் தீர்க்கும் 'நடுவர்' என்ற ஏஐ செயலியில் புகார் செய்தாள்.

மறுநாள் காலை, நடுவர் அழைத்தபடி, தணிகைவேலின் வீட்டுக் கூடத்தில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். மேஜைமேல் இருந்த கைபேசியிலிருந்து நடுவர் பேசியது.

"ஐயா, நேத்து சாயங்காலம் வீடு கேட்டு உங்களை போன்ல கூப்பிட்டது நான்தான். இவங்க வேலை, சம்பளம் எல்லாம் அப்படியே சொன்னேன். பேரை மட்டும் மாத்தினேன். உடனே வந்து சாவி வாங்கிக்கச் சொன்னீங்க."

தணிகைவேல் தலைகுனிந்தார். "கோர்ட்டுக்குப் போகப் போறியாம்மா?"

"வேணாம் சார். வீட்டைக் கொடுங்க, போதும்."

அவர் எழுந்து போய் வாடகை ஒப்பந்தத்தை எடுத்து வந்தார். "பேரு என்னன்னு போடட்டும்?"

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "முழுசாப் போடுங்க. மெஹருன்னிசா அப்துல் காதர்."

அவர் ஒவ்வோர் எழுத்தாகக் கேட்டு எழுதினார்.