சூலகத்தில் எத்தனை அறை

காய்ந்த பூவைச் சின்னக் கிண்ணத்தில் போட்டுக் கொதிக்க வைத்துவிட்டு, அது இளகட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். ஆய்வகத்துக்கு வெளியே என் வீட்டுக்காரர் வராந்தாவை அளந்துகொண்டிருந்தார்.

நான் பிரசவ வலியில் கிடந்தபோதுகூட அவர் இப்படி நடந்ததில்லை. அன்றைக்கு எங்கோ மலையில் செடி பறித்துக்கொண்டிருந்தார், மகராசன்.

இருவருக்கும் ஒரே வேலை. அவர் செடி கொண்டுவருவார், நான் பூவை அறுத்து அது எந்தத் தாவரக் குடும்பம் என்று பார்ப்பேன். அறுப்பதற்கு அவருக்குப் பொறுமை போதாது.

இந்தச் செடி மட்டும் எதிலும் ஒட்டவில்லை. மரபணுச் சோதனையும் இரண்டுங்கெட்டானாகப் பதில் சொன்னது. மீதி இந்தப் பூதான். பூவுக்குள் விதை பிடிக்கிற சூலகத்தில் மூன்று அறை இருந்தால், ஏற்கனவே பெயர் உள்ள கூட்டத்தில் இதுவும் ஒன்று. தடுப்பில்லாமல் ஒரே அறையாக இருந்தால், புதுக் குடும்பம்.

புதுக் குடும்பத்துக்குத் தனியாகப் பெயர் தேட வேண்டியதில்லை. அதற்குள் வரும் பேரினத்தின் பெயரோடு ஒரு வாலை ஒட்டினால் போதும். பேரினத்துக்கு எங்கள் மகளின் பெயரை வைக்கப்போவதாக அவர் எல்லோரிடமும் சொல்லிவிட்டார்.

அந்த மகளோடு அவர் பேசி இரண்டு வருடம் ஆகிறது.

தாவரவியலைப் பாதியில் விட்டுவிட்டுத் தச்சு வேலை கற்கப் போனாள். செடியைப் படிக்க அனுப்பினால் மரத்தை அறுக்கப் போகிறாளே என்று குதித்தார். வாசற்படி மிதிக்காதே என்றார். அவளும் அவர் பெண்தானே, மிதிக்கவில்லை.

இப்போது கட்டுரை வெளியானதும் அவளுக்கு அனுப்பி வைப்பாராம். உலகத்துத் தாவரப் புத்தகங்களிலெல்லாம் அவள் பெயர் இருக்குமாம். அதைப் பார்த்துவிட்டு அவளே பேசுவாளாம். தப்பு என்மேல்தான் என்று சொல்ல வாய் வராத மனுஷன், தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கட்டுரை வெளிவர இன்னும் ஒரு வருடமாவது ஆகும். அதுவரை நான் திருடியைப் போல மொட்டைமாடியில் நின்றுகொண்டு என் பெண்ணோடு போனில் பேச வேண்டும்.

கதவு திறந்தது. ஆச்சா என்று தலையை மட்டும் நீட்டினார். போங்க என்று விரட்டினேன். மறுபடியும் செருப்புச் சத்தம்.

பூவை எடுத்து லென்சுக்கு அடியில் வைத்தேன். இருந்தது இது ஒன்றுதான். சூலகத்தைக் குறுக்காக அறுத்தேன். ஊசியால் விலக்கிப் பார்த்தேன். நம்பிக்கை வராமல் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தேன்.

எழுந்து வெளியே போனேன்.

"மூணு அறை," என்றேன்.

பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தார். பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. அப்ப அவளிடம் எதைக் காட்டிப் பேசுவது என்று தரையைப் பார்த்துக் கேட்டார்.

"வெறுங்கையோட பேசுங்க. பெத்த பொண்ணுதானே."

என் போனில் அவள் எண்ணை அழுத்தி அவர் கையில் திணித்தேன்.

மணி போய்க்கொண்டே இருந்தது. எடுத்தாள். அம்மா என்றாள். இவர் மூச்சு விடுகிற சத்தத்திலேயே யாரென்று தெரிந்திருக்க வேண்டும். வைத்துவிடுவாளோ என்று போனுக்குப் பக்கத்தில் காதைக் கொண்டுபோனேன். அவர் வாயைத் திறந்தார்.

"மரம் அறுக்கும்போது கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கிறியாம்மா?"

அந்தப் பக்கம் அவள் அழுவது எனக்கே கேட்டது.

நான் உள்ளே வந்து கதவைச் சாத்தினேன். லென்சுக்கு அடியில் சூலகம் அப்படியே கிடந்தது. எந்தப் பக்கம் திருப்பினாலும் தடுப்பு இல்லை. ஒரே அறை.

அவர் பேசி முடித்துவிட்டு வரட்டும். சொல்லித் திட்டு வாங்கிக்கொள்கிறேன்.