சரிந்த பின்கதவு

ஓசூர் ஷோரூமின் கண்ணாடிச் சுவரில் கம்பெனி பஸ் ஒன்றின் நிழல் ஊர்ந்து போகிறது. பெனிஷா சக்கர நாற்காலியிலிருந்து புதிய சின்னக் காரின் முன்சீட்டுக்குத் தானாகவே நகர்ந்து உட்கார்கிறாள். பழைய உயரமான ஜீப்பில் கணவன் ரோஷன்தான் ஒவ்வொரு முறையும் அவளைத் தூக்கி உட்கார வைப்பான். இப்போது அவன் கைகள் வேலையற்றுத் தொங்குகின்றன. நாற்காலியை மடித்து டிக்கியில் வைக்கிறான். சரிந்த பின்கதவு நாற்காலியின் சக்கரத்தில் இடித்து, மூடாமல் நிற்கிறது. "இப்பல்லாம் டிசைனே இப்படித்தான் சார், காத்து வழுக்கிட்டுப் போவணும்ல," என்கிறாள் விற்பனைப் பெண் சுவாதி. ரோஷன் மறுபடியும் அழுத்திப் பார்க்கிறான். "பெரிய வண்டியே பாக்கலாம், பெனி." பெனிஷா அசையவில்லை. "வேணாங்க. இத்தன வருசம் என்னையத் தூக்குனீங்க. இனிமே அந்த நாற்காலியத் தூக்குங்க, பின்சீட்டுல குந்தி வரட்டும்."