பானெட் சூடு

விலைக்கு வந்திருந்த பழைய பிக்கப் வண்டியின் பானெட் மேல் கையை வைத்த உடனே வெஸ்லிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கதகதவென்று இருந்தது.

“என்னம்மா இது? நான் வந்துதான் ஸ்டார்ட் பண்ணுவேன், அதுவரைக்கும் வண்டியைத் தொடாதீங்கன்னு நேத்து போன்ல படிச்சுப் படிச்சு சொன்னேனே!”

“சொன்னீங்க தம்பி” என்றாள் வண்டிக்குச் சொந்தக்காரி கொரீன்.

“அப்புறம் எப்படி சூடா இருக்கு? வெயில் கொளுத்துதோ?”

மான்டானாவில் நவம்பர் மாதம் எந்த வெயில் கொளுத்தும்? கொட்டகைக் கூரையெல்லாம் பனி உறைந்து கிடந்தது.

“காலையில ஸ்டார்ட் பண்ணினதுதான்.”

“எதுக்கு?”

“பண்ண வேண்டியிருந்துச்சு.”

அந்த அம்மாள் கொட்டகைப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வெஸ்லி கத்தியதிலும் நியாயம் இருந்தது. ஊரார் மாடுகளை ட்ரெய்லரில் ஏற்றிச் சந்தையில் கொண்டுபோய் இறக்குவதுதான் அவன் பிழைப்பு. போன வருஷம் அவன் வேலையாக இருந்தபோது, ஆர்லோ அண்ணன்தான் தனியாகப் போய், ட்ரெய்லரை இழுக்க ஒரு பிக்கப்பைப் பார்த்துவிட்டு வந்தார். ‘அருமையான வண்டி, வாங்கு’ என்றார். வாங்கினான். மறுநாள் காலையே குட்டு உடைந்தது.

இந்தப் பெரிய பெட்ரோல் எஞ்சின்களில் ஒரு வம்பு உண்டு. புகைக்குழாய் சேரும் இடத்தில் போல்ட் ஒடிந்திருந்தால், ஜில்லென்று இருக்கும்போது டிக் டிக் என்று அடிக்கும். சூடேறினால் போதும், இரும்பு விரிந்து இடுக்கை அடைத்துக்கொள்ளும். சத்தம் மாயமாகிவிடும்.

“அந்தப் பய சூடு பண்ணி வச்சு ஏமாத்திட்டான்டா” என்று அன்றைக்கு ஆர்லோதான் தலையில் அடித்துக்கொண்டார். எஞ்சினைப் பிரிக்கப் போய், ஒன்று மாற்றி ஒன்று கிளம்பி, வண்டி கடைசியில் இரும்புக்கடைக்குத்தான் போயிற்று. இந்தத் தடவையும் ஏமாந்தால் ட்ரெய்லரையும் விற்றுவிட்டு எங்கேயாவது கூலிக்குப் போகவேண்டியதுதான்.

“அண்ணே, நீங்களே தொட்டுப் பாருங்க” என்று கூட வந்திருந்த ஆர்லோவைக் கூப்பிட்டான்.

ஆர்லோ தொடவில்லை. அந்த வட்டாரத்தில் அவர் காது கொடுத்துக் கேட்டுச் சரி என்று சொல்லாமல் ஒரு பழைய வண்டி கைமாறாது. அப்பேர்ப்பட்ட மனுஷர் தொப்பியைச் சரிபண்ணிக்கொண்டு, “சூடா இருந்தா இருந்துட்டுப் போகுதுடா. வண்டி நல்ல வண்டி” என்றார்.

“நீங்களா இதைச் சொல்றது? சூடா இருந்தா கிட்டவே போகாதேன்னு சொன்னது யாரு?”

ஆர்லோ தரையில் கிடந்த பனியைக் காலால் தள்ளினார்.

வெஸ்லி கொரீன் பக்கம் திரும்பினான். “பெரிய மனுஷி மாதிரி இருக்கீங்களேன்னு நம்பி வந்தேன். நீங்களும் அந்த ஜாதிதானா? இப்படி ஏமாத்தி வித்துச் சாப்பிட்டா உடம்புல ஒட்டுமா?”

அந்த அம்மாளுக்கு முகம் சிவந்து, கண் கலங்கிவிட்டது. உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

“வாங்கண்ணே, போகலாம்” என்று வெஸ்லி தன் மனைவியின் காருக்குப் போய்க் கதவைத் திறந்தான்.

ஆர்லோ நின்ற இடத்தை விட்டு அசையவில்லை.

“அந்த அம்மாவை ஒண்ணும் சொல்லாதடா. விடியக்காலம் வந்து ஸ்டார்ட் பண்ணினது நான்தான்.”

“நீங்களா? எதுக்கு?”

“எனக்கு சன்னமான சத்தம் எதுவும் கேக்கறதில்ல. ரெண்டு வருஷமாச்சு. பேச்சு கேக்குது, இந்த டிக் டிக் எல்லாம் கேக்கல.” அவர் தொப்பியைக் கழற்றினார். “போன வருஷம் அந்த ஆள் சூடும் பண்ணல, ஒண்ணும் பண்ணல. எஞ்சின் ஜில்லுனுதான் கிடந்துச்சு. என் காதுதான் ஏமாத்திடுச்சு. பழியை அவன் மேல தூக்கிப் போட்டுட்டேன்.”

வெஸ்லி திறந்த கார்க் கதவை மெதுவாகச் சாத்தினான்.

“இந்தத் தடவையும் உன்னைக் கவுத்திடக் கூடாதில்ல? அதான் முன்னாடியே வந்து ஸ்டார்ட் பண்ணி, எஞ்சின் சூடேறுறதுக்குள்ள கையால தடவித் தடவிப் பார்த்தேன். இடுக்கு இருந்தா புஸ்ஸுனு காத்து விரல்ல அடிக்கும். ரெண்டு பக்கமும் பார்த்தாச்சு, ஒரு இடத்துலயும் இல்ல. நீ மத்தியானம் வரேன்னு சொன்ன, அதுக்குள்ள ஆறிடும்னு நெனச்சேன். அவசரக்குடுக்கை, ஒன்பது மணிக்கே என்னை இழுத்துட்டு வந்துட்ட!”

வெஸ்லிக்குக் கோபம்தான் வந்திருக்கவேண்டும். வந்ததென்னவோ சிரிப்பு. அப்பாடா! வண்டியில் கோளாறு இல்லை. ட்ரெய்லரை விற்கவேண்டாம், கூலிக்கும் போகவேண்டாம்.

“அண்ணே, அப்ப ரெண்டு வருஷமா நான் பேசினதுல பாதி உங்களுக்குக் கேக்கலையா?”

“கேட்ட பாதியே தாங்கலடா!” என்று சொல்லிவிட்டு, ஆர்லோ மூக்கை உறிஞ்சிக்கொண்டே பிக்கப்பில் ஏறி உட்கார்ந்து எஞ்சினைக் கிளப்பினார்.

வெஸ்லி கூச்சத்தோடு கொரீனிடம் வந்தான்.

“மன்னிச்சுக்குங்கம்மா. வாய்க்கு வந்தபடி பேசிட்டேன். அவர்தான் ஸ்டார்ட் பண்ணினாருன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே? நான் பாட்டுக்குக் கிளம்பிப் போயிருந்தா, உங்க வண்டி விக்காம போயிருக்குமே?”

கொரீன் கண்ணைத் துடைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்:

“நீங்க போனா என் வண்டியைப் பார்க்க இன்னொருத்தர் வருவாரு தம்பி. ஆர்லோவுக்குக் காது போச்சுன்னு ஊருக்குத் தெரிஞ்சா, அவரைத் தேடி இனிமே யாரு வருவா?”