இஞ்சிக் கண்ணீர்

யார்க்‌ஷயர் குதிரைச் சந்தையின் காலை வெயிலில் கறுப்புக் குதிரை ஒன்று வாலைக் கொடிபோல் தூக்கிக்கொண்டு நிற்கிறது. வாலுக்கடியில் தரகன் திணித்து வைத்திருக்கும் இஞ்சியின் எரிச்சல் பார்க்கிற வேலை அது. லாயக்காரன் கத்பர்ட்டுக்கு வாசனையே காட்டிக்கொடுத்துவிடுகிறது. "ஐயா, வாலடியை ஒரு தடவை பாத்துடுங்க." பண்ணையார் ஸ்கெல்டிங் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. "லத்தி அள்ளுறவன் எனக்குக் குதிரை பாக்கச் சொல்லித் தர்றியா? ஜாதிக் குதிரைடா இது!" குதிரைக்கு வாய் எந்தப் பக்கம் என்று லாயக்காரனைக் கேட்டுத் தெரிந்துகொள்கிற மனுஷன். இதற்கு மாற்றாக அவர் கொடுப்பது, பதினோரு வருஷம் அவரைச் சுமந்த ஜெனட்டை. கடிவாளம் கைமாறும்போது அந்தக் கிழட்டுக் குதிரை கத்பர்ட்டின் தோளில் மூக்கைத் தேய்க்கிறது. பண்ணையாரோ புதுக் குதிரையின் வாலடியைத் தடவித் தடவி ரசிக்கிறார், பெருமையில் வியர்த்த முகத்தை அதே விரல்களால் துடைக்கிறார். கண் எரிகிறது. கசக்குகிறார், இன்னும் எரிகிறது. மூக்கு சிவந்து, சரிகைக் கழுத்துப்பட்டி நனைய, தாரை தாரையாய்க் கண்ணீர். "பழைய குதிரையப் பிரியறதுக்கா எசமான் இந்த அழுகை?" என்று தரகன் உருகுகிறான். கூட்டத்தில் இரண்டு பேர் மரியாதையாகத் தொப்பியைக் கழற்றுகிறார்கள். "ஆமாம்ப்பா, நான் கொஞ்சம் இளகின மனசுக்காரன்," என்கிறார் பண்ணையார். "தொடைக்காதீங்க ஐயா, நல்லா அழுங்க," என்கிறான் கத்பர்ட். "ஜெனட் பாத்துட்டுப் போகட்டும்."