திட்டாத வாரம்

மூன்றாவது முறையும் பந்து வேல்விழியின் கையைவிட்டு நழுவி, கோர்ட்டைத் தாண்டி உருண்டது. மற்ற பெண்கள் நின்று சுரேந்தர் சாரைப் பார்த்தார்கள். இந்த மாதிரி நேரத்தில் அவர் போடுகிற சத்தம் பெருமாநல்லூர் ரோடு வரைக்கும் கேட்கும்.

"பரவால்ல கண்ணு. தண்ணி குடிச்சுட்டு வா," என்றார் கோச்.

"உனக்கென்னடி, சாரு இப்பல்லாம் திட்டறதே இல்ல. கத்தறதெல்லாம் எனக்குத்தான்," என்று முணுமுணுத்தாள் கேப்டன் இந்துமதி.

திங்கட்கிழமையிலிருந்து இப்படித்தான். அன்றுதான் சுரேந்தர், ரெண்டு வருஷமாக மனசிலேயே வைத்திருந்ததை ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்தார். 'இந்துமதி: கத்தினால்தான் ஓடுவாள். சித்ராதேவி: கத்தினால் அழுவாள், தனியாகக் கூப்பிட்டு ஒரு தடவை செய்து காட்டினால் போதும்.'

வேல்விழி பெயருக்கு நேரே பேனா நின்றுவிட்டது. டீமிலேயே அதிகம் திட்டு வாங்கியவள் அவள்தான். இனியாவது அன்பாக நடத்தலாம் என்று நினைத்தார்.

ஆனால் அவர் குரல் இறங்க இறங்க, அவள் ஆட்டமும் இறங்கிக்கொண்டே போனது. அடுத்த வாரம் மண்டலப் போட்டி. புதன்கிழமையான இன்று, ஒரு பந்துகூட வளையத்துக்குள் விழவில்லை.

பிராக்டிஸ் முடிந்து பெண்கள் கூட்டமாக போண்டாக் கடைக்குப் போனார்கள். வேல்விழி மட்டும் கம்பத்தடியில் உட்கார்ந்திருந்தாள். திருநெல்வேலிப் பக்கமிருந்து பிழைக்க வந்த அவள் அப்பாவுக்குப் பனியன் கம்பெனியில் டபுள் ஷிப்ட். பூட்டிய வீட்டைத் திறந்து தனியாக இருப்பதற்கு அவளுக்கு அவசரம் இல்லை. ஒரு நாளில் அவள் பேரைச் சொல்லிக் கூப்பிடுகிற பெரியவர், பெரும்பாலும் கோச் ஒருவர்தான்.

அவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "ஏங்கண்ணு, ஒடம்புக்கு முடியலியா? அப்பாகிட்டப் பேசட்டுமா?"

"ஒண்ணுமில்ல சார்." தரையைப் பார்த்தபடியே சொன்னாள். "என்னைய ஏசுங்க சார்."

சுரேந்தர் சிரித்துவிட்டார். "திட்டச் சொல்லிக் கேக்கற ஆள இப்பத்தான் பாக்கறேன். ஏன், அன்பாப் பேசுனா ஆகாதா?"

"எங்கம்மா தெனமும் ஏசுவா சார். எதுக்கெடுத்தாலும் ஏசுவா. ஒரே ஒரு நாள் ஏசல. தலை சீவி ரெட்டைச் சடை போட்டா. கேக்காமலே சேவு வாங்கித் தந்தா. நான் தட்டக் கீழ போட்டதுக்குக்கூட, போனாப் போகுதுன்னு சொன்னா."

"அப்புறம்?"

"மறுநாள் முழிச்சுப் பாத்தா, ஆளக் காணும்."

சுரேந்தரின் சிரிப்பு அடங்கியது. அவள் முதல் தடவையாக நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள்.

"நீங்க என்னைக்கு சார் போறீங்க?"

அவள் தோளில் தட்டிக் கொடுக்கக் கையைத் தூக்கியவர், அப்படியே கீழே இறக்கிக்கொண்டார். இந்துமதிக்கோ மற்றவர்களுக்கோ அவர் இன்னும் சொல்லியிருக்கவில்லை.

"வெள்ளிக்கிழமை, கண்ணு."